வீடும் வளவும்: வீடோ, போறணையோ?



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் கூரைத் தண்ணீரைச் சேமிப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் அதே கூரையின் கீழே, வீட்டுக்குள் வருவோம். புது வீட்டின் வெக்கை, புகை, காற்று ஆகிய மூன்றையும் பற்றித்தான் பேசப் போகிறேன். "தலைக்கு மேலே ஒரு கூரை வந்தாற் காணாதோ? அதுக்குள்ள காத்தும் வேணுமோ?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான்.

நாங்கள் 2010இல் மீளக்குடியமர்ந்தோம். அம்மா, நான், இரண்டு பெண் பிள்ளைகள். வளவில் நின்றது அரைச்சுவரும் ஒரு வேப்பமரமும். வேப்பமரத்தின் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். தறப்பாளுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. இரவில் நாய் குரைத்தால் நாங்கள் நால்வரும் எழும்பி இருப்போம். அடுத்த ஆண்டு, 2011 ஆவணியில், கிறீஸ் பூதம் என்ற பயம் வடக்குக் கிழக்கு எங்கும் பரவியது. உங்களில் பலருக்கு அந்த இரவுகள் நினைவிருக்கும். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளில் அந்த நாட்களில் யார்தான் நித்திரை கொண்டார்கள்?

2013இல் எங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. 550,000 ரூபா, கட்டம் கட்டமாகக் காசு வரும், நாங்களே நின்று கட்ட வேண்டும். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வரைபடத்தில் அறைக்கு அறை யன்னல் இருந்தது. குசினிக்குப் புகைக்கூடும் இருந்தது. வரைந்தவர் மீதோ திட்டத்தின் மீதோ எந்தக் குறையும் இல்லை. அத்திவாரம் வெட்டிச் சுவர் எழும்பும்போது மேசன் ஐயாவிடம் போய், "யன்னல் எல்லாத்தையும் சின்னனாக்கி விடுங்கோ" என்று சொன்னவள் நான்தான்.

அவர் வயதான மனிதர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, காத்து வராது" என்றார்.

"காத்து வராட்டிப் பரவாயில்லை ஐயா. ஆக்கள் வரக்கூடாது" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பெரிய அறைக்கு ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு யன்னல், அதுவும் மேற்குப் பக்கம். சின்ன அறைக்கு அதுவும் இல்லை. கடைசிக் கட்டக் காசில் கூரைத் தகரம் வாங்கியதும் கை வெறுமையாகி விட்டது. புகைக்கூட்டுக்கு விட்டிருந்த இடத்தை மழை வராமல் ஒரு தகரத் துண்டால் மூடிவிட்டேன். குடிபூர்ந்த அன்று இரவு கதவைப் பூட்டித் திறப்பைத் தலையணையின் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை நித்திரை கொண்டேன். அதனை இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன்.

பங்குனி பிறந்ததும் வீட்டின் குணம் தெரிந்தது. மத்தியானம் தகரம் காய்ந்தால் உள்ளே நிற்க முடியாது. பின்னேரம் ஆறு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். "இதென்ன பிள்ளை, வீடோ, போறணையோ? பாண் மாதிரி வேகிறம்" என்று சொல்லிச் சிரிப்பார். குசினியில் புகை கரும்படலமாகச் சுவரில் படிந்தது. எனக்குக் கண் எரிவு, சின்னவளுக்கு அடிக்கடி இழுப்பு. கண்ணூறு என்றோம், காலநிலை என்றோம். சுவரில் காற்று போக வழியில்லை என்பதை நினைத்தும் பார்க்கவில்லை.

இப்படியே ஐந்து வருடம் போயிற்று. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெரிய வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் மூத்தவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள். மருமகன் தூரத்தில் வேலை. மழை விடவில்லை. பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை, நிலம் குளிர்ந்து கிடந்தது. எங்கள் வழக்கப்படி தணற்சட்டி ஒன்றை அறைக்குள் வைத்தோம். குளிர் வராமல் யன்னலைச் சாத்தினோம். கதவின் கீழிருந்த இடைவெளிக்குச் சாக்கு ஒன்றை மடித்து வைத்தேன். புகை அடங்கி நல்ல சிவப்புத் தணலாக இருந்ததால் கெடுதி இல்லை என்றே நினைத்தேன்.

பச்சைப் பிள்ளை, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அழும். அன்று அழவில்லை. என்னை எழுப்பியது அந்தச் சத்தமின்மைதான். கதவைத் திறந்தால் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுக்கிறாள், எழும்பி நிற்கக் கால் இல்லை. "அம்மா, தலை வெடிக்குது" என்றாள். பிள்ளை சோர்ந்து கிடந்தது. இருவரையும் விறாந்தைக்கு இழுத்து வந்தோம். பக்கத்து வளவுத் தம்பி தன் ஓட்டோவில் மழைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். இருவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். விடியற்புறம் பிள்ளை அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வைத்தியர் விளக்கினார். விறகோ கரியோ எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது சேர்ந்தால், இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, சத்தி, மயக்கம், பிறகு மரணம். புகை தெரியாத தணலிலும் அது வரும். "அந்தக் காலத்திலும் தணற்சட்டி வைச்சவைதானே டொக்டர்" என்று கேட்டேன். "அந்தக் கால வீடு என்ன வீடு அம்மா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியை வீடுவரை கொண்டு வந்தேன். என் அம்மாவின் பேறுகாலங்கள் மண் சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள வீட்டில் நடந்தவை. சுவர் முகடுவரை போகாது. கிடுகு முழுவதும் காற்று போகும். குசினிக்குச் செத்தை கட்டியிருப்பார்கள், புகை அதனூடே வெளியேறும். அந்த வீட்டைக் கல்லாலும் சீமெந்தாலும் தகரத்தாலும் மாற்றிக் கட்டினோம். பழக்கங்களை மட்டும் மாற்றாமல் உள்ளே கொண்டு வந்தோம். பழைய வீட்டில் தானாக நடந்த ஒன்றைப் புது வீட்டில் நாங்கள் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். இந்த ஒன்றைத்தான் இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காற்று எப்படிப் போகிறது?

ஒரு யன்னல் மட்டும் இருந்தால் காற்று வாசலில் நின்று திரும்பிப் போகும். வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். அவை எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால் மிக நல்லது. சூடான காற்றும் புகையும் மேலே எழும்பும் இயல்புடையவை. ஆகவே போகும் வழி கூரைக்கு அண்மையில், உயரத்தில் இருக்க வேண்டும். அறையின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறக்கக்கூடிய இடம் இருக்க வேண்டும் என்று கட்டுவோர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் பத்துச் சதுர அடி. என் அறையில் இருந்தது இரண்டேகால்.

உங்கள் வீட்டை நீங்களே சோதிக்கலாம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் நடுவில் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் அறைக்குள் காற்று ஓடுகிறது. நேரே எழும்பி முகட்டில் கலைந்து அங்கேயே நின்றால், அந்த அறையில் நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப எடுக்கிறீர்கள்.

பயத்துக்கும் காற்றுக்கும் இடையில்

"அக்கா, நீங்கள் சொல்லுறது சரி, ஆனால் தனியப் பெண்டுகள் இருக்கிற வீட்டில யன்னலைத் திறந்து வைக்கிறதோ?" என்று மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் நுழைய ஓரளவு பெரிய இடம் வேண்டும். காற்று கை நுழையாத துளையாலும் வரும். இந்த வித்தியாசத்தை 2013இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சுவரை மூடியிருக்க மாட்டேன்.

2019இல் அதே மேசன் ஐயாவை மீண்டும் கூப்பிட்டேன். எதிரெதிர்ச் சுவர்களில், கூரைக்குச் சற்றுக் கீழே, தாவாரத்தின் மறைவில், ஓரிடத்தில் ஒரு கல்லாக எடுத்துவிட்டுத் துளை உள்ள சீமெந்துக் கற்களை வைத்தார். உட்பக்கம் நுளம்பு வலை அடித்தோம். அந்த உயரத்தில் எட்டிப் பார்க்கவும் முடியாது, மழைச்சாரலும் அவ்வளவாக வராது. மூலைக்குப் பக்கத்திலும் வளை வந்து குந்தும் இடத்துக்குக் கீழும் கல்லை எடுக்கக்கூடாது என்று அவர் சொன்னார். ஆகவே நீங்களாக அலவாங்கு எடுத்து இடிக்க வேண்டாம், தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அறைக்குப் பெரிய யன்னல் ஒன்றைச் சோளகப் பக்கமாக, அதாவது தெற்குச் சுவரில் வைத்தோம். நான்கு அங்குலத்துக்கு ஒரு கம்பி. பழைய யாழ்ப்பாண வீடுகளில் இருப்பது போல மேலுக்கு இரண்டும் கீழுக்கு இரண்டுமாக நான்கு கதவு. இரவில் கீழ்க்கதவைக் கொளுவிவிட்டு மேற்கதவைத் திறந்து வைக்கிறோம். வெளியில் இருந்து படுக்கை தெரியாது. காற்று மட்டும் வரும்.

வெக்கையைக் குறைக்க

எங்கள் பகுதியில் சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் வெக்கையில் பெரும்பங்கு கூரையால் இறங்குகிறது. ஓடு தகரத்தை விட மெதுவாகச் சூடாகும், ஓட்டு இடுக்குகளால் காற்றும் போகும். தகரம் போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். தகரத்தின் மேற்பக்கத்துக்கு வெள்ளை நிறம் பூசினால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிப் போகும். தகரத்துக்குக் கீழே கிடுகு வைத்தும் அடிக்கலாம். ஆனால் அடுப்புக்கு மேலேயும் அடுப்புக்கு அருகிலும் கிடுகு கூடாது. அஸ்பெஸ்ரஸ் கூரை என்றால் அதனை வெட்டவோ துளைக்கவோ உரஞ்சிக் கழுவவோ வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோயைத் தரக்கூடியது.

அடுத்தது மேற்குச் சுவர். பின்னேர வெயில் சாய்ந்து வந்து அதில் விழுகிறது, அந்தச் சூட்டை அது இரவில் வீட்டுக்குள் விடுகிறது. நான் மேற்குப் பக்கம் பந்தல் போட்டுப் பாகலும் அவரையும் படரவிட்டேன். அதற்கப்பால் வாழை. கறிக்கும் ஆயிற்று, நிழலுக்கும் ஆயிற்று. கொடி சுவரில் ஒட்டாமல் இரண்டடி தள்ளி நிற்கட்டும். இல்லாவிட்டால் ஈரமும் பூச்சியும் சேரும்.

செலவில்லாத வேலையும் ஒன்று உண்டு. விடியற்காலையிலும் இரவிலும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். மத்தியானத்தில் வெயில் படும் பக்கத்து யன்னலை மட்டும் சாத்துங்கள்.

குசினிப் புகை

வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. சிறுபிள்ளைகளின் நியூமோனியாவுக்கும், பெரியவர்களின் நெஞ்சு நோய்க்கும், கண்புரைக்கும் அது காரணமாகிறது. அடுப்படியில் நிற்பவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புகைக்கூடு கட்ட முடிந்தால் கட்டுங்கள். அது கூரை முகட்டுக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது கரியைத் தட்ட வேண்டும். முடியாவிட்டால் அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டிச் சுவரில் வழி விடுங்கள். 1980களில் எங்கள் நாட்டில் உருவாக்கப்பட்ட அநாகி அடுப்பு இரண்டு பானை வைக்கும் மண் அடுப்பு. அதற்கு விறகு குறையப் போகும். ஆனாலும் அதிலும் புகை வரும் என்பதால் காற்று வழி வேண்டும். விறகைக் காயவைத்தே எரியுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம்.

சமையல் வாயு பாவிப்போருக்கு ஒரு வார்த்தை. 2022இல் வாயு கிடைக்காமல், புகைக்கூடு இல்லாத குசினிகளில் பலர் விறகடுப்பு மூட்டினார்கள். ஆகவே குசினி கட்டும்போது இரண்டுக்கும் ஏற்றபடி கட்டுங்கள். சமையல் வாயு காற்றை விடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு கிடக்கும். அதற்கு மேலே மட்டுமல்ல, சுவரின் அடியிலும் காற்று வழி வேண்டும்.

தணற்சட்டியை அறைக்குள் வைக்கவே வேண்டாம். துணியை வெளியில் தணலில் காட்டிச் சூடாக்கி உள்ளே கொண்டு வாருங்கள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை போடுங்கள். தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பதைப் போல நல்ல சூடு வேறெதுவும் இல்லை.

இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கு

நூல் பிடிப்பதற்கு முன் வளவின் நடுவில் நின்று பாருங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். இந்த இரண்டுக்கும் நேராக யன்னல்கள் இருக்கட்டும். குசினி தென்கிழக்கு மூலையில் இருந்தால் இரண்டு காற்றுக்கும் ஒதுங்கி நிற்கும், புகை அறைகளுக்குள் அடிப்பது குறையும். அதைத்தான் பெரியவர்கள் அக்கினி மூலை என்றார்கள். அவர்கள் என்ன காரணம் நினைத்துச் சொன்னார்களோ, எங்கள் காற்றுக்கு அந்த மூலை பொருந்துகிறது.

கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் பேசப்பட்டபோது, இந்த வெயிலுக்கு அவை தாங்குமா, காற்று வருமா, அடுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விகள் எழுந்தன. உதவியாகக் கிடைக்கும் வீடு என்றாலும் அதற்குள் வாழப் போகிறவர்கள் நாங்கள். வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். "வாற காத்து எங்கால வரும், போற காத்து எங்கால போகும்?" என்று கேளுங்கள். என்னைப் போலப் பயத்தில் ஒரு யன்னலைக் குறைக்கச் சொல்வதற்கு முன் மேசனின் சொல்லையும் ஒருமுறை கேளுங்கள்.

பேரனுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. அன்று இரவு நடந்தது அவனுக்குத் தெரியாது. அம்மா தன் பாயைத் திரும்ப அறைக்குள் கொண்டு வந்துவிட்டார். சோளகம் வீசும் இரவுகளில் மேற்கதவால் வேப்பம்பூ மணம் வருகிறது. நாய் குரைத்தால் இன்னும் நான் எழும்புகிறேன், அது போகவில்லை. எழும்பிக் கம்பியைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு பேரனின் மூச்சைக் கேட்டுவிட்டுப் படுக்கிறேன்.

சகோதரிகளே, இந்தக் கிழமையே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கிற பெண் இருந்தால், இதை அவளுக்கும் அவளுடைய தாய்க்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் கிணற்றடியைப் பற்றிப் பேசுவோம்.